சூறையன் செத்தது சரியா, தப்பா?

போன வாரம் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் நின்று போகப் பார்த்தது.

நகைத் தகராறா? கிடையாது. ஜாதகமா? பத்துக்கு எட்டுப் பொருத்தம். பையனுக்கு ஏதாவது கெட்ட பழக்கமா? ஒரு நாளைக்கு ஏழு டீ குடிக்கிறார், அதைத் தவிர வேறு எதுவும் இல்லை.

பிறகு என்னதான் காரணம்?

ஒரு சூப்பர் ஹீரோ செத்துப் போய்விட்டான். அவ்வளவுதான்.

சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரித்தேன்... மதினி, அதாவது என் அண்ணன் மனைவி, போனில் அழ ஆரம்பித்த பிறகுதான் வாயை மூடினேன்.

படத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இன்னும் பார்க்காதவர்கள் இருப்பீர்கள். முடிவைப் போட்டு உடைத்துவிட்டாள் என்று கம்பெடுத்துக்கொண்டு வருவீர்கள். வெளிநாட்டுப் படம். தமிழில் பேசுகிறது. பதினைந்து வருஷமாக, ஒன்றன்பின் ஒன்றாக ஒன்பது பாகம். காற்றைக் கையில் பிடித்துச் சுழற்றி வில்லன்மேல் வீசுகிற ஹீரோ. அவனுக்கு நானே ஒரு பெயர் வைத்துவிடுகிறேன் — சூறையன். நன்றாக இல்லை? எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

என் அண்ணன் மகள் கோமதிக்கு இருபத்தேழு வயது. சென்னைக் கம்பெனி வேலையைத் தென்காசி வீட்டு மாடியில் உட்கார்ந்து லேப்டாப்பில் பார்க்கிறாள். பன்னிரண்டு வயதில் சூறையன் முதல் பாகம் பார்த்தவள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் சுற்றினால்கூட "அத்தே, சூறையன் வாரான்!" என்பாள்.

மாப்பிள்ளை சங்கர், அச்சன்புதூர்க்காரர். கால்நடை டாக்டர். மாடு, ஆடு, எப்போதாவது ஒரு நாய். பேச்சு குறைவு. முறைப்படி என்னை 'சித்தி' என்று கூப்பிட வேண்டியவர், பத்திரிகையில் எழுதுகிறவள் என்ற பயத்தில் 'மேடம்' என்பார்.

பண்பொழி மலைக்கோயிலில் வைத்துத்தான் பெண் பார்த்தார்கள். "ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் தனியாப் பேசுங்க" என்று மண்டபத்தின் ஓரத்துக்கு அனுப்பிவிட்டு, நாங்கள் பெரியவர்கள் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தோம். பத்து நிமிஷம் ஆயிற்று. அரை மணி நேரம் ஆயிற்று. ஒன்றரை மணி நேரம்! அங்கிருந்து கோமதியின் சிரிப்புச் சத்தம் வேறு. மதினி கண்ணில் நீர் கோத்து, "முருகா... பிள்ளைக்கு நல்ல எடம் அமஞ்சிட்டு" என்று சந்நிதியைப் பார்த்துக் கும்பிட்டார்.

இரண்டு பேரும் வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நாங்கள் நினைத்தோம். பிறகுதான் தெரிந்தது — சூறையன் படங்களில் எது முதலிடம், எது கடைசி இடம் என்று வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்களாம். நாலாம் பாகம்தான் மட்டம் என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து. அந்த இடத்திலேயே கல்யாணம் முடிவாகிவிட்டது.

நிச்சயதார்த்தத்துக்கு வெள்ளிக்கிழமை நாள் குறித்தோம். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, கடைசிப் பாகம் ரிலீஸ் ஆன மூன்றாம் நாள், இரண்டு குடும்பமும் சேர்ந்து காலைக் காட்சிக்குப் போவது என்று ஏற்பாடு. ஆனி மாதம். தென்காசித் தெருக்களில் செங்கோட்டைப் பக்கத்துக் காற்று ஆளைத் தள்ளியது. சேலையைப் பிடிப்பதா, டிக்கெட்டைப் பிடிப்பதா என்று தெரியாமல் தியேட்டருக்குள் நுழைந்தேன். உள்ளே அதைவிடப் பெரிய காற்று! விசில், பேப்பர் மழை, சூறையன் முகமூடி மாட்டிய கல்லூரிப் பிள்ளைகள், கைக்குழந்தைகள்... சத்தத்தில் என் காது அடைத்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. எழுந்து நின்று விசிலடிக்கப் பார்த்தேன். காற்றுதான் வந்தது.

இனி கதை. உலகத்தையே விழுங்க ஒரு புயல் வருகிறது. அதை நிறுத்த ஒரே வழி, சூறையன் தனக்குள் இருக்கிற காற்றை எல்லாம் வெளியே விட வேண்டும். கடைசி மூச்சு உட்பட. விட்டுவிடுகிறான். புயல் நிற்கிறது. ஒரு மொட்டை மாடியில் விழுந்து கிடக்கிறான். அவனுடைய காதலி ஓடி வந்து, வாயில் வாய் வைத்து ஊதுகிறாள். ஊதுகிறாள்... ஊதுகிறாள்...

தியேட்டரில் ஈ பறந்தால் கேட்கும்.

அப்போதுதான் எனக்கு இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்திருந்த சங்கர் எழுந்தார். எல்லோருடைய முழங்காலையும் இடித்துக்கொண்டு வெளியே போனார். பாத்ரூம் போலிருக்கிறது என்று நினைத்தேன். திரும்பி வரவே இல்லை.

விளக்கு எரிந்து நாங்கள் வெளியே வந்தபோது, பைக் ஸ்டாண்டில் ஹெல்மெட் மாட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு நின்றிருந்தார். பைக் நின்றுகொண்டிருக்கிறது. சாவிகூடப் போடவில்லை. ஹெல்மெட் எதற்கு?

கோமதி அழுது சிவந்த கண்ணோடு, முகமெல்லாம் சிரிப்போடு அவரிடம் ஓடினாள். "பாத்தீயளா? இதாங்க முடிவு! இப்படித்தான் முடிச்சிருக்கணும்!"

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "இதெல்லாம் ஒரு முடிவா? கேவலம்."

"என்னது?"

"பதினஞ்சு வருசம் கூட வந்தவனக் கொன்னு போட்டுட்டான். கேவலமான முடிவு."

அவ்வளவுதான். பைக் ஸ்டாண்டிலேயே ஆரம்பித்துவிட்டது. கோமதி கையை ஆட்டி ஆட்டிப் பேச, ஹெல்மெட் இடமும் வலமும் ஆட... அந்தப் பக்கம் அவருடைய அம்மாவும் இந்தப் பக்கம் எங்கள் மதினியும் ஒன்றும் புரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்து வைத்தார்கள். சங்கர் பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டார்.

திங்கட்கிழமை முழுவதும் வாட்ஸ்அப்பில் சண்டை. கோமதி எனக்குக் காட்டினாள். ஒவ்வொரு மெசேஜும் என் பத்தியைவிட நீளம்! இரண்டு பேருமே நன்றாக எழுதுகிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். 'சூறையன் சாகாவிட்டால் எட்டுப் படமும் பொய்' என்று இவள். 'செத்ததால்தான் எட்டுப் படமும் வீண்' என்று அவர். செவ்வாய்க்கிழமை காலை மெசேஜ் நின்றது. பத்து மணிக்கு மதினியின் போன் வந்தது.

"ஏட்டி, உடனே கெளம்பி வா. இவ கல்யாணம் வேண்டாங்கா. கேட்டா யாரோ சூறையன்ங்கா... யாருட்டி அவன்? எனக்குத் தெரியாம இவளுக்கு ஏதும்..."

"மதினி, மதினி! அது சினிமா."

"சினிமாக்காரனா?!"

ஆட்டோ பிடித்துப் போனேன். கோமதி மாடியில் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, ஒரு படம் அவ்வோளுக்குப் புடிக்கல. அதுக்குப் போயி கல்யாணத்த நிறுத்துவியா? கோட்டியா ஒனக்கு?"

"புடிக்கலேன்னா பரவால்ல அத்தே. பாதில எந்திச்சுப் போயிட்டாவளே."

"போனா என்ன?"

அவள் மெதுவாகச் சொன்னாள். "அம்மா ஆஸ்பத்திரில கெடந்தப்போ எல்லாரும் வந்தாவல்லா. வந்து அஞ்சு நிமிசம் நின்னுட்டு, 'பாக்க முடியலம்மா'ன்னுட்டுப் போயிருவாவ. எனக்குக் கேட்டுக் கேட்டுப் புளிச்சிட்டு. பாக்க முடியாட்டி இருந்து பாக்கணும். நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா இவ்வோளும் எந்திச்சுப் போயிட்டாவன்னா?"



மூன்று வருஷத்துக்கு முன்னால் மதினிக்குத் திருநெல்வேலியில் பெரிய ஆபரேஷன். கோமதிதான் கூட இருந்தாள். கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்து, நாற்பது நாள். நான்? வாரத்துக்கு ஒரு தடவை போனேன். 'பாக்க முடியல' என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவள் அதைச் சொல்லிக்காட்டவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

இந்தக் கல்யாணத்தை எப்படியாவது நடத்திப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். சங்கருக்கு போன் போட்டேன். "தம்பி, நாளைக்குக் காலைல குற்றாலம் ஐந்தருவிக்கு வந்திருங்க. கோமதியக் கூட்டிட்டு வாரேன்."

"சரி மேடம். எனக்கும் பேசணும்."

குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

புதன்கிழமை. சீசன் என்றால் அப்படி ஒரு சீசன்! சாரல் முகத்தில் ஊசி ஊசியாக விழுகிறது. ஐந்தருவியில் ஆண்கள் வரிசை ஒரு பக்கம், பெண்கள் வரிசை ஒரு பக்கம். அருவியில் நின்றால் மண்டைச் சூடு இறங்கி சமாதானமாகிவிடுவார்கள் என்பது என் திட்டம். இரண்டு பேரும் தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து, பஜ்ஜிக் கடை பெஞ்சில் எதிரெதிரே உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள்.

"ஊரே அழிஞ்சாலும் மறுநாள் காலைல சிரிச்சிட்டு வருவான். எட்டுப் படமா இதான! ஒரு தடவையாவது அவன் எழப்பு என்னன்னு காட்ட வேண்டாமா?" என்றாள் கோமதி.

"எழப்பு வெளிய நெறைய இருக்குங்க. அதுக்கு டிக்கெட் எடுத்து வேற பாக்கணுமா?" என்றார் சங்கர்.

பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த அண்ணாச்சி கரண்டியோடு திரும்பினார். "யாரு, சூறையனா? நான் முந்தா நாள்தான் பாத்தேன். தம்பி சொல்லுததுதான் சரி. வீட்ல சின்னவன் ரெண்டு நாளா சோறு திங்கல."

பக்கத்தில் எண்ணெய் மசாஜ் கடை. அங்கே குப்புறப் படுத்திருந்த பருமனான ஒரு மனிதர் தலையைத் தூக்கினார். "ஏவே, அவன் சாகவே இல்லவே! பாடிய அடக்கம் பண்ணுனதக் காட்டுனானா? காட்டல. அடக்கம் காட்டலன்னா ஆள் உண்டு!"

"மூச்சு நின்னதக் காட்டுனாம்லா?" — இது அவர் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தவர்.

"மூச்சு நின்னா என்ன? காத்து நிக்கல!"

"காத்தும் நின்னுச்சு. மாடில கெடந்த கொடி அசையலையே, கவனிக்கலையா நீரு? சும்மா படும்."

ஆனால் அவர் படுக்கவில்லை. இடுப்பில் துண்டோடு, உடம்பெல்லாம் எண்ணெய் பளபளக்க, எழுந்து எங்கள் பெஞ்சுக்கே வந்துவிட்டார். உட்கார்ந்தார், வழுக்கினார், மறுபடி உட்கார்ந்தார். வேன் நிறுத்திவிட்டு டீ குடிக்க வந்த மலையாளி டிரைவர் ஒருவர் கிளாஸை உயர்த்தி, "சேட்டன் பறஞ்சது சரியா! மரிச்சிட்டில்ல!" என்று, சாகவில்லை என்கிற அவர் பக்கம் சேர்ந்தார். ஐந்து நிமிஷத்தில் கடையைச் சுற்றி இருபது பேர். செத்தது சரி என்று ஒரு கட்சி. தப்பு என்று ஒரு கட்சி. சாகவே இல்லை என்று எண்ணெய்க் கட்சி. சங்கர் பேசினால் அந்தப் பக்கம் கைதட்டல், கோமதி பேசினால் இந்தப் பக்கம் கைதட்டல். அதுவரை பேசாமடந்தையாக இருந்த மாப்பிள்ளை, பெஞ்சுமேல் ஏறி நிற்காத குறைதான்!

எனக்கு? குளிர், சூடான மிளகாய் பஜ்ஜி, இந்த ரகளை... வந்த வேலை மறந்தேவிட்டது.

கோமதிதான் கடைசியாகக் கேட்டாள். "சரி, எல்லாம் இருக்கட்டும். எந்திச்சுப் போனாலும் கதவுகிட்ட நின்னாவது பாத்திருப்பீய. அந்தச் சின்னப் பிள்ள கேட்ட கேள்வியும், அவ அம்மா சொன்ன பதிலும்... அதுகூட உங்களுக்கு ஒண்ணும் செய்யலையா?"

சங்கர் விழித்தார். "எந்தப் பிள்ள?"

அண்ணாச்சியும் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

"கடைசி சீன்ல வருமே..."

"கடைசி சீன் மாடிலதான?"

எண்ணெய்க்காரர் எழுந்தே விட்டார். "யோவ்! நீரு முழுசாப் பாக்கவே இல்லையா? அதுக்குப் பொறவு ஏழு நிமிசம் இருக்குவே! பாக்காமலா இவ்ளோ நேரம் எங்ககிட்ட மல்லுக்கு நின்னீரு?"

ஓவென்று சிரிப்பு. சங்கர் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, கோமதியிடம் மட்டும் பேசுவதுபோலச் சொன்னார்.

"சனிக்கிழம மத்தியானம் ஒரு பசு. மொத ஈத்து. கன்னு குறுக்க கெடந்துட்டு. ஒரு வழியா வெளிய எடுத்தேன்... மூச்சு இல்ல. மூக்குல வைக்கோல் விட்டுப் பாத்தேன். தலகீழாத் தூக்கிப் புடிச்சேன். பொறவு வாய வச்சு ஊதுனேன். அர மணி நேரம் ஊதுனேங்க. வரல."

ஈரத் தலையைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"மறுநாள் ஸ்கிரீன்ல அந்தப் பொண்ணு ஊதுதா. எனக்குத் தெரியும் வராதுன்னு. இருக்க முடியல. உங்க வீட்டு ஆளுவ பூரா இருக்காவ, அழுதுட்டு நின்னா என்ன நெனைப்பாவ? மூஞ்சிய எங்கன கொண்டு வைக்க? அதான் ஹெல்மெட்ட மாட்டிட்டேன்."

கோமதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கன்னு செத்த பொறவு... அங்கன இருந்து எந்திச்சு வந்துட்டீயளா?"

"அது எப்படிங்க வர முடியும்?" சங்கருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "தாய்ப்பசு எந்திரிக்கணும்லா. நஞ்சுக்கொடி விழணும். இருட்டுற வரைக்கும் அங்கனயேதான் இருந்தேன். அது எந்திச்சு நின்னு தண்ணி குடிச்ச பொறவுதான் வீட்டுக்குப் போனேன்."

இதைக் கேட்டு எண்ணெய் தேய்க்கிறவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கை முழுக்க எண்ணெய்... "ஐயோ எரியுதே!" என்று அவர் குதிக்க, நாலு பேர் தண்ணீர் எடுக்க ஓட, சட்டியில் கிடந்த ஒரு ஈடு பஜ்ஜி முழுக்கக் கருகிவிட்டது.

கோமதிக்கு உதடு துடித்தது. அழப் போகிறாள் என்று நினைத்தேன். வெடித்துச் சிரித்துவிட்டாள். "அப்போ பாக்காத முடிவுக்கா எங்கிட்ட பக்கம் பக்கமா எழுதுனீய?"

"பாத்த வரைக்கும் கேவலமாத்தான இருந்துச்சு..."

"நாளைக்கு மேட்னிக்கு வாங்க. முழுசா இருந்து பாக்கணும். பொறவு பேசுங்க."

வியாழக்கிழமை மதியக் காட்சிக்கு மூன்று பேரும் போனோம். நடுவில் நான், துணைக்கு! அந்த மொட்டை மாடிக் காட்சி வந்தபோது சங்கரின் கை நாற்காலிப் பிடியை இறுக்குவதைப் பார்த்தேன். பேசாமல் எழுந்து, கோமதியை என் இடத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, அவள் இடத்துக்கு மாறிக்கொண்டேன். அத்தைமார்களுக்கும் கொஞ்சம் விவரம் உண்டு.

அந்த ஏழு நிமிஷம் இருக்கிறதே... மாடிக் காட்சியைவிட மோசம்! சூறையன் செத்தது ஊருக்குத் தெரியாது. பயந்து ஓடிவிட்டான் என்று நினைக்கிறார்கள். அவன் சிலையை உடைக்கிறார்கள். ஒரு சின்னப் பெண் கையில் காற்றாடியோடு, "அம்மா, சூறையன் எப்போ வருவான்?" என்று கேட்கிறாள். "வரமாட்டான். நம்மளை விட்டுட்டு ஓடிட்டான்" என்கிறாள் அம்மா. காற்றாடி சுற்றவில்லை. படம் முடிந்தது.

சங்கர் எழுந்திருக்கவில்லை. ஹெல்மெட் இல்லாமல், கைக்குட்டைகூட இல்லாமல், சத்தம் போட்டு அழுதார். பின்வரிசையில் முகமூடி மாட்டிய கல்லூரிப் பிள்ளைகள் பயந்துபோய், "அண்ணே, அழாதீய அண்ணே... அடுத்த பாகத்துல வந்துருவான்" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். கோமதியும் அழுதாள். நானும்தான். விளக்கைப் போட்ட பிறகும் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். பெருக்க வந்த அம்மா எங்கள் காலைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டு போனார்.

கோமதி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "இப்ப சொல்லுங்க. நல்ல முடிவுதான?"

"நெனச்சத விட மட்டமான முடிவுங்க!"

இதற்கு அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே!

எனக்கு ஒன்று தோன்றியது. இத்தனை வருஷமாக எத்தனை படத்துக்கு யார் யாரோடு சண்டை போட்டிருக்கிறேன்... முடிவு பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால், ரசனை இல்லாதவர் என்று முத்திரை குத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கிறேன். படத்தைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று நினைக்கிறோம். பாதி நேரம், போன சனிக்கிழமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். அது என்ன சனிக்கிழமை என்று கேட்கத்தான் நமக்கு நேரமில்லை.

வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம் நன்றாகவே நடந்தது. தாம்பூலத் தட்டு மாற்றினார்கள். அண்ணன் சந்தோஷத்தில் எல்லோருக்கும் இரண்டு தடவை சந்தனம் கொடுத்தார். மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் தலையைச் சாய்த்துக் குசுகுசுவென்று பேசிக்கொண்டே இருந்தார்கள். போட்டோக்காரர் "இங்கன பாருங்க, இங்கன பாருங்க" என்று கத்தியும் திரும்பவில்லை. சொந்தக்காரர்கள் எல்லாம் "என்ன ஒத்துமை!" என்று பூரித்துப் போனார்கள்.

மதினிக்கு மட்டும் சந்தேகம். காது கொடுத்துக் கேட்டிருப்பார் போலிருக்கிறது. பதறிப்போய் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஏட்டி, மறுபடியும் அந்தச் சூறையன் சண்டையா?"

"ஆமா மதினி."

"அய்யய்யோ!"

"பயப்படாதீய. ரெண்டு பேரும் உக்காந்துதான் சண்ட போடுதாவ."